மர்லியாவின் பாதி

றக்வானைக் கடைவீதியில் சட்டை தைக்கும் மர்லியா என்றால் மேலே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தெரியாத பெண்கள் இல்லை. கொழுந்துக் கூடையின் கயிறு இழுக்கிற இழுப்பில் தோள்பட்டை கிழியாமல் தைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று பேர். அந்தச் சட்டைகளுக்கான பூப்போட்ட சீத்தைத் துணியை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சம்பளம் போட்ட வாரங்களில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி விற்றுவந்தவர் அவளுடைய கணவர் ஜுனைதீன்.

ஜுனைதீனுக்குச் சொந்த ஊர் குருவிட்டை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் மர்லியாவைக் கட்டிக்கொண்டு றக்வானையிலேயே தங்கிவிட்டார். மாலையில் மலையிறங்கி வந்து குசினி வாசலில் உட்கார்ந்து காலை நீட்டுவார். மர்லியா தேசிக்காயை வெட்டிப் புளிச்சாற்றைப் பிழிந்து அவர் காலில் ஏறிய அட்டைகளை ஒவ்வொன்றாக விழுத்துவாள். எந்த லயத்தில் யார் என்ன நிறம் கேட்டார்கள், எந்தக் கங்காணியின் பெண்சாதி துணியைக் கசக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். மகள் றமீலா பிறந்த பிறகும் அந்த வேளை அப்படியேதான் இருந்தது. குழந்தை இருவருக்கும் நடுவில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருக்கும்.

றமீலாவுக்கு மூன்று வயது நடக்கும்போது குருவிட்டையில் சில்லறைக் கடை நடத்திக்கொண்டு மாணிக்கக் குழியிலும் இறங்கிவந்த ஜுனைதீனின் அண்ணன் ஸம்சுதீன், பெண்சாதி பளீலாவையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு, குழிக்குள் மண் சரிந்து இறந்துபோனார். செய்தி கேட்டுப் போன ஜுனைதீன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். வந்தவர் காலை நீட்டி உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"மர்லியா, உம்மா ஒரு விஷயம் சென்னா."

"செல்லுங்க."

"பளீலா மச்சிக்கு வாப்பாவும் இல்ல, கூடப்பொறந்த நானாமாரும் இல்ல. மூணு புள்ளயள். அவவ நான் நிக்காஹ் செய்யட்டாம்."

மர்லியா தையல் மெஷினின் பிடியை விட்டாள். "நீங்க எனத்த சென்ன?"

"ஒண்ணும் செல்லல்ல. ஆனா அந்த நடுப் பொடியன் என்னப் பாத்து வாப்பா எண்டு கூப்பிட்டான். எனக்கு அங்கால ஒண்ணும் செல்ல வரல்ல."

மர்லியா மெஷினில் கிடந்த துணியின் நூலைக் கத்தரித்து, மடித்து வைத்தாள். பிறகு, "அப்ப நீங்க செய்யத்தான் வேணும்" என்றாள்.

ஜுனைதீனின் முகம் தெளிந்தது. "நீ இங்கயே ஈக்கலாம். நான் மாசத்துல பாதி இங்க, பாதி அங்க. ரெண்டு எடத்தயும் பாப்பேன். மார்க்கத்துலயும் எடம் ஈக்குது."

"மார்க்கத்துல எடம் ஈக்குது. என்ட மனசுல இல்லயே." அவள் குரல் உயரவில்லை. "ஒங்களப் பங்கு வைக்க எனக்கு ஏலா. என்ன விட்டுடுங்க. புள்ளய வேணுமெண்டா ரெண்டு பேரும் பங்கு வைப்போம்."

அவர் கெஞ்சிப் பார்த்தார். மர்லியாவின் அண்ணன் காமில் பக்கத்து வீட்டிலிருந்து வந்து இருவரையும் ஏசிப் பார்த்தார். யாரிடமும் கோபப்படாமல் அவள் அதே பேச்சைச் சொன்னாள். கடைசியில் தலாக் பேசப் பள்ளிவாசலில் கூடினார்கள். பிள்ளை உம்மாவிடம் வளரட்டும், செலவு முழுவதும் வாப்பாவின் பொறுப்பு என்று பள்ளிவாசல் தலைவரான மரைக்கார் தீர்த்துச் சொன்னபோது, திரைக்கு அப்பாலிருந்து மர்லியாவின் குரல் வந்தது.

"முழுச் செலவும் வேண்டாம். பாதி நான் போடுவேன்."

"அது ஒங்களுக்குக் கடமை இல்ல, மகள்" என்றார் மரைக்கார்.

"தெரியும். அவருக்கு அங்க மூணு வாய் ஈக்குது. புள்ளட சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும், இனி வாற நல்லது கெட்டதுக்கும் பாதி அவருடையது, பாதி என்னுடையது."

அது இரக்கம் என்று சிலர் சொன்னார்கள். வீம்பு என்று காமில் சொன்னார். இரண்டும் இருந்தன. ஆனால் அவற்றுக்கு அடியில் வேறொன்றும் இருந்ததை, தலாக்குக்குப் பிறகு மூன்று மாதம் இத்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அவளே கண்டுபிடித்தாள். பாதி பாதி என்றால் எதையும் ஒருவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். கேட்டால் பதில் வரும்.

அவள் இத்தா முடிந்து வெளியே வந்தபோது குருவிட்டையில் நிக்காஹ் முடிந்திருந்தது. ஜுனைதீன் அண்ணனின் சில்லறைக் கடையை எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தார்.

கேள்வியும் பதிலும் பழனியாண்டியின் மாட்டுவண்டியில் போய் வந்தன. பழனியாண்டி தோட்டத்துக்கு அரிசி ஏற்றும் வண்டிக்காரன். அப்போது இரயில் இரத்தினபுரியோடு நின்றுவிடும். அரிசி ஏற்ற அங்கே போகும்போது குருவிட்டைக் கடைக்கும் ஒரு நடை போய்விட்டு வருவான்.

"அம்மா, குருவிட்டை நானா சொல்லச் சொன்னாருங்க. பாப்பாவுக்கு இருமல்னா சுக்கு மட்டும் போதுமாம், மருந்துக் கடைத் தண்ணியக் குடுக்க வேணாமாம்."

"செலவப் பத்தி ஒண்ணும் செல்லல்லயா?"

"அதுக்கும் குடுத்து உட்டிருக்காருங்க. அப்பறம், நீங்க எப்புடி இருக்கீங்கன்னு கேட்டாரு."

"நீங்க எனத்த சென்ன?"

"இருக்காங்கன்னு சொன்னேங்க."

மர்லியாவுக்குச் சுக்குக் கஷாயம் வைக்கத் தெரியாமலா கேட்டு அனுப்பினாள்? மழைக்காலத்துக்குப் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை வாங்கலாமா, முடியை ஒட்ட வெட்டலாமா, எந்த லெப்பையிடம் குர்ஆன் ஓதப் போடலாம் என்று எல்லாவற்றையும் கேட்டாள். வண்டி வரும் நாளில் அவளுக்குத் தையல் ஓடாது. மாட்டு மணிச்சத்தம் வளைவில் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விடுவாள். காத்திருந்தது போலப் பழனியாண்டிக்குத் தெரியக்கூடாது அல்லவா?

றமீலாவுக்குக் காது குத்திய அன்றுதான் ஜுனைதீன் முதல் தடவையாகப் பழைய வீட்டு வாசலில் விருந்தாளியாக வந்து நின்றார். தோடு அவர் பங்கு, தட்டாருக்கும் சாப்பாட்டுக்கும் மர்லியாவின் பங்கு. வாப்பாவின் மடியில் பிள்ளையை வைத்துத்தான் குத்தினார்கள். வலியில் கத்திய பிள்ளை அவர் கையை உதறிவிட்டு உள்ளே உம்மாவிடம் ஓடியது. உம்மா அணைத்தும் அடங்காமல் திரும்ப வாப்பாவிடம் ஓடியது. இப்படியே திரையை விலக்கி விலக்கி இரண்டு பக்கமும் ஓடி ஓடி அழுதது. ஒவ்வொரு தடவை திரை விலகும்போதும் மர்லியா அவரைக் கண்டாள். இளைத்திருந்தார். சட்டைக் கழுத்தில் பொத்தான் ஒன்று இல்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "நான் வாறேன். நீங்க பாத்துக்கோங்க."

'நீங்க.' முன்பெல்லாம் 'நீ' என்பார். ஊரார் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைச் சரியாகத்தான் கொடுத்தார். அன்று முழுவதும் அந்த மரியாதை அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முன்பு அவர் பளீலாவின் கடைசிப் பெண் லதீபாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். றமீலாவின் வயதுதான். வாசலில் இரண்டும் பல்லாங்குழி விளையாடிக்கொண்டிருந்தபோது லதீபா, "வாப்பா, இவ களவாடுறா!" என்று கத்தினாள். றமீலா விளையாட்டை விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"உம்மா, அவ ஏன் என்ட வாப்பாவ வாப்பா எண்டு கூப்பிடுறா?"

மர்லியா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார்த்தினாள். "அவக்கும் அவர்தான் வாப்பா. அவட வாப்பா மவுத்தாகிட்டாரு மகள்."

"அப்ப எனக்கு?"

"ஒனக்கும்தான்."

"பாதியா?"

மர்லியா எழுந்து பெட்டியைத் திறந்தாள். றமீலாவின் பெருநாள் சட்டைக்கு எடுத்து வைத்திருந்த துணியை விரித்துப் பார்த்தாள். போதாது. தன் சேமிப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் துணி வாங்கி, அன்று மாலைக்குள் ஒரே மாதிரி இரண்டு சட்டை தைத்து முடித்தாள். கையில் கொடுத்தபோது லதீபா அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். வாசலில் நின்ற ஜுனைதீன் இரண்டு சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து, "மழை வரும் போல ஈக்குது" என்றார்.

அடுத்த வண்டியில் பளீலா ஒரு போத்தல் நிறைய அச்சாறு அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அங்கிருந்து ஏதாவது வராமல் இருந்ததில்லை.

வருடங்கள் ஓடின. இரயில் கஹவத்தை வரைக்கும் வந்தது. றமீலா குர்ஆனை ஓதி முடித்த அன்று ஊருக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். பால் அவர் பங்கு, அரிசி அவள் பங்கு. றமீலா பெரிய பிள்ளையானபோது மர்லியா செய்தி அனுப்பிவிட்டு, மறுநாளே வந்துவிடுவார் என்று வாசலைக் கூட்டி வைத்தாள். வழியில் மண் சரிந்து பாதை மூடிக்கிடந்ததால் மகளுக்குச் சடங்குத் தண்ணி வார்த்து எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. மகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மர்லியா கதவுக்குப் பின்னால் நின்று, கால் கழுவ வாளியில் தண்ணீர் அனுப்பினாள். வெளியே போய்த் தானே ஊற்ற வேண்டும் போல இருந்தது. போகவில்லை.

பிறகு றமீலாவுக்குக் கலியாணப் பேச்சு வரத் தொடங்கியது. மர்லியாவுக்கு யாரையும் பிடிக்கவில்லை. பெல்மதுளையிலிருந்து கேட்டு வந்தவனுக்குக் கடை சின்னது என்றாள். கஹவத்தைக்காரனுக்கு நடை சரியில்லை. இரத்தினபுரியிலிருந்து வந்த நல்ல இடத்தைக்கூட, மாமி வாய்க்காரி என்று கேள்விப்பட்டதாகச் சொல்லித் தட்டிவிட்டாள். தன்னோடு ஓதிய பெண்களெல்லாம் பிள்ளையும் கையுமாக நடக்கும்போது றமீலா உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னதான் வேணும் ஒனக்கு?" என்று காமில் சத்தம் போட்டார். குருவிட்டையிலிருந்து ஜுனைதீனும் கேட்டு அனுப்பினார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மர்லியா பதில் அனுப்பவில்லை.

பலாங்கொடையில் புடவைக் கடை வைத்திருந்த ஜாபிர் என்பவரை முன்வைத்து மறுபடியும் பேச்சு வந்தது. நல்ல பையன், குடும்பமும் தெரிந்த குடும்பம். அன்று மாலை றமீலா ஊசியை வைத்துவிட்டு உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உம்மா, நான் போயிட்டா வாப்பா இந்த வீட்டுக்கு வாறதுக்கு ஒரு காரணமும் இல்ல. அதுதானே?"

மர்லியாவின் கை அப்படியே நின்றது. கோபப்படலாம் என்று நினைத்தாள், கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளை போல அழுகைதான் வந்தது. றமீலா எழுந்து வந்து அவளுடைய தலையைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். அந்தப் பெண்ணும் அழுதாள். பிறகு சமைக்க எழுந்து போனாள்.

மறுநாள் காலை மர்லியா காமிலிடம் போய், "பலாங்கொடைக்காரருக்கு ஓம் எண்டு செல்லுங்க நானா. குருவிட்டையில அவருக்கும் செய்தி அனுப்புங்க" என்றாள்.

வாப்பா இல்லாமல் மகளுக்கு நிக்காஹ் நடக்காது. கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். கலியாணத்துக்கு முதல் நாளே வந்துவிட்டார். ஆடு, அரிசி, பந்தல், மகளின் நகை என்று யார் பங்கு எதுவென்று வாசலுக்கு இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள். அத்தனை வருடங்களில் அவர்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். பேச்சை முடிக்க இருவருக்குமே மனமில்லை. பேசி முடிந்ததையே மறுபடியும் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் உள்ளறையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தைகளை மர்லியா கேட்டாள். குரல் ஓரிடத்தில் தடுமாறியது. இந்த வீட்டில், இதே முற்றத்தில் ஒருநாள் தன் வாப்பா அந்த வார்த்தைகளைச் சொல்ல, ஜுனைதீன் "ஏற்றுக்கொண்டேன்" என்று சொன்னது அவள் காதில் கேட்டது.

மகளை அனுப்பி, பந்தலைப் பிரித்து, பாத்திரங்களை எண்ணிக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை. கடைசி பஸ் ஹோர்ன் அடித்தபோதுதான் தொப்பியைச் சரிசெய்தார்.

"எல்லாம் சரிதானே? என்ட பங்குல ஒண்ணும் பாக்கி இல்லயே?"

"இல்ல."

"அப்ப நான் வாறேன்."

வரமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பழனியாண்டி அதற்கு முன்பே வண்டியை விற்றுவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தான். அரிசி இப்போது லொறியில் வந்தது. லொறிக்காரர்களுக்குக் குருவிட்டையில் யாரையும் தெரியாது. கேட்டு அனுப்பவும் ஒன்றும் இல்லை. மர்லியா முன்னைவிட அதிகமாகத் தைத்தாள்.

முப்பத்து நாலாம் வருடக் கடைசியில் மலேரியாக் காய்ச்சல் வந்து சப்ரகமுவை மாகாணத்தையே அடித்துப் போட்டது. குருவிட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஆட்கள் விழுந்தார்கள். றக்வானை மேட்டில் இருந்ததால் காய்ச்சல் அவ்வளவாக ஏறவில்லை. தை மாதத்தில் ஒரு பஸ் கண்டக்டர் வந்து, லதீபா என்ற பெண் சொல்லி அனுப்பியதாகச் சொன்னான். வாப்பாவும் உம்மாவும் எழும்ப முடியாமல் கிடக்கிறார்கள். அண்ணன்மார் இரண்டு பேரும் கொழும்பில். தனக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம்.

மர்லியா காமிலிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

அதுவரை அவள் அந்த வீட்டை நினைத்துத்தான் பார்த்திருந்தாள். நேரில் அது சின்ன வீடு. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை. ஒரு அறையில் பளீலாவும் மற்றதில் ஜுனைதீனும் கிடந்தார்கள். அவர் சட்டை மாட்டும் ஆணி, தொழுகைப் பாய், கடைக்குப் போக ஒரு படி. இத்தனை வருடம் மனிதர் விழித்ததும் தூங்கியதும் இங்கேதான். ஒரு நிமிடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அடுப்பை மூட்டினாள்.

கஞ்சி வைத்தாள், தர்மாஸ்பத்திரியில் வரிசையில் நின்று காய்ச்சலுக்குக் கொயினா வாங்கிவந்தாள், நனைந்த துணிகளை அலசிக் காயப்போட்டாள். ஜுனைதீனுக்குக் கஞ்சியை லதீபாதான் கொண்டு போனாள். லதீபாவுக்கு நடுக்கம் வந்த நாட்களில் மர்லியா கோப்பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கதவு நிலையருகே வந்து நின்றுகொள்வாள்.

காய்ச்சல் இறங்கிய ஒரு பகல் பளீலா அவள் கையைப் பிடித்தாள்.

"ராத்தா, நான் ஒங்கட மாப்பிள்ளய எடுத்தவ."

"நீங்க எங்க எடுத்த? ஒங்கட கையில தந்தாங்க. தாறதுக்கு நானும்தான் ஓம் எண்ட."

"எங்களுக்கு அவர் ஒரு குறையும் வைக்கல்ல. ஆனா றக்வானைக்குப் போயிட்டு வந்தா ரெண்டு மூணு நாளைக்கு வீட்டுல பேச மாட்டாரு. நானும் கேக்க மாட்டேன்." பளீலா மூச்சு வாங்கினாள். "கேட்டிருந்தா செல்லிடுவாரோ எண்டு பயம்."

மர்லியா அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

ஜுனைதீன் தேறிச் சுவரில் சாய்ந்து உட்காரத் தொடங்கினார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. நிலையருகே நின்றவளைப் பார்த்து ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"ஒவ்வொரு தரமும் நான் ஒங்கட வாசல்ல நிக்கிற நேரம், உள்ளுக்கு வாங்க எண்டு ஒருக்காச் செல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு ஈப்பேன். ஏன் செல்லல்ல?"

"செல்லி ஈந்தா நீங்க திரும்பிப் போயிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"இங்க மூணு புள்ளயள் ரோட்டப் பாத்துக்கிட்டு ஈந்திச்சே. அதுதான் செல்லல்ல."

ஜுனைதீன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது. மர்லியா அங்கேயே நின்றாள். தொடவும் முடியாது, போகவும் மனமில்லை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழியும் சத்தம் கேட்டுத்தான் நகர்ந்தாள்.

எல்லாரும் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவள் புறப்பட்டாள். "இங்கயே நில்லுங்க ராத்தா, இன்னொரு பாய் போட எடம் ஈக்குது" என்று பளீலா வற்புறுத்தினாள். அவள் வெறும் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது மர்லியாவுக்குத் தெரிந்தது. "றமீலாவுக்கு மாசமாகிட்டு. முதல் புள்ளப்பேறுக்கு உம்மா வீட்டுக்குத்தானே வருவா. நான் அங்க ஈக்க வேணும்" என்றாள்.

அந்த வருடம் ஆடியில் றமீலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குருவிட்டைக்குச் செய்தி போயிற்று. முடி இறக்கும் நாளுக்கு முதல் நாள் மர்லியா பஸ் நிற்கும் இடத்துக்கே போய் நின்றாள். ஊரார் என்ன நினைப்பார்கள் என்று அன்று அவள் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. முதலில் பளீலா இறங்கினாள், இரண்டு கையிலும் பொட்டணிகளோடு.

"வெளிக்கிட்டுத்தான் ஈந்தாரு ராத்தா. ஸ்டேஷன் வரைக்கும் வந்தாரு. கால் ரெண்டும் வீங்கி, அங்கால நடக்க ஏலாமப் போயிட்டு. நீ போ எண்டு என்ன ரயில்ல ஏத்தி விட்டாரு."

"ஆ" என்றாள் மர்லியா. அவள் கண்கள் பளீலாவின் தோளுக்கு மேலாகப் பஸ் வாசலிலேயே இருந்தன. கோழிக் கூடையோடு ஒரு சிங்களக் கிழவர் இறங்கினார். தோட்டத்துப் பெண்கள் சிலர் இறங்கினார்கள். கடைசியாகக் கண்டக்டர் இறங்கி, பஸ்ஸின் கூரையில் ஏறிச் சாமான்களைக் கீழே போடத் தொடங்கினான்.

பளீலா பொட்டணிகளைத் தரையில் இறக்கி வைத்தாள்.

மர்லியா குனிந்து ஒரு பொட்டணியைத் தூக்கிக்கொண்டாள். "வாங்க, போவோம். புள்ள பசிக்கு அழுற நேரம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.